தையல் அக்கா பதில்கள்: “வண்ணம் வெச்சிட்டியே மக்களே!”

சென்ற இதழில் ப்ளவுஸ் கழுத்து இறக்கத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்லும்போது, “அளவு ப்ளவுஸைக் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே வந்து நில்லுங்கள். வெட்கப்பட உங்கள் உடம்பில் ஒன்றும் இல்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கழுத்து இறக்கத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இரண்டு பேர் நன்றாகத் திட்டியும் இருக்கிறார்கள். அதனால் பைப்பிங்கும் பஃப் கையும் அடுத்த இதழுக்கு.

அக்கா, எனக்கு 20 வயது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, “என்ன மக்களே, இப்படி வண்ணம் வெச்சிட்ட?” ஹாஸ்டலுக்கு வந்தால் தோழிகள், “உன் உடம்பை நீ நேசிக்கணும்” என்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்து பார்த்தேன். நேசம் வரவில்லை. இப்போது குண்டாக இருக்கிறேன் என்ற கவலையோடு, நேசிக்கத் தெரியவில்லை என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் ‘மக்களே’ என்றால் ஊரைக் கூப்பிடுவது இல்லை, ஒரு பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுவது. வண்ணம் என்றால் நிறம் இல்லை, சதை. மலையாளத்தோடு பகிர்ந்துகொண்ட சொல். கேட்க அழகாக இருக்கும். வாங்கிக் கட்டிக்கொள்கிறவளுக்குத்தான் தெரியும்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நேசிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நான் 31 வருடமாகத் தக்கலையில் ஒரு மாடிக் கடையில் பெண்களுக்கு அளவெடுக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்களின் தோளும் கைக்குழியும் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ‘என் உடம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதில் ஒருத்தி சும்மா சொன்னாள், டேப்பைப் போட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு நேசமும் இல்லை, வெறுப்பும் இல்லை. தோள் வலிக்கிறது, கை இறுக்காமல் தையுங்கள், மீன் வெட்டும்போது முந்தானை சரியக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. உடம்பு அவர்களுக்கு ஒரு வேலைக்காரி. அதைச் சதா பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. இப்போது சிலர் இதையே ஒரு கொள்கையாகச் சொல்கிறார்கள்: பிடிக்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம், உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும் என்று. எனக்கு இது ஒத்துவருகிறது.

உன் தோழிகள் சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் 1969-லேயே பருமனானவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். வேலையில், ஆஸ்பத்திரியில், பஸ் இருக்கையில் எங்களை ஒதுக்காதீர்கள் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதை நாளாவட்டத்தில் சோப்புக் கம்பெனியும் உள்ளாடைக் கம்பெனியும் கையில் எடுத்து, ‘உன்னை நேசி, அப்படியே இதையும் வாங்கு’ என்று ஆக்கிவிட்டன. ஒதுக்காதே என்பது ஊருக்குச் சொன்ன சொல். நேசி என்பது உனக்குப் போடும் வீட்டுப்பாடம். பாடம் செய்யவில்லையே என்று நீ அழுதுகொண்டிருக்கிறாய்.

சரி, கல்யாண வீட்டில் என்ன சொல்வது? என் கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒரு பதில் வைத்திருக்கிறாள். “வண்ணம் வெச்சிட்ட” என்று யாராவது தொடங்கினால், “ஆமா மாமி, உங்க முட்டுவலி இப்ப எப்படி?” என்பாள். குரலில் கிண்டல் இருக்காது, உண்மையான அக்கறை மாதிரியே கேட்பாள். மாமிக்குச் சொல்ல அரை மணி நேரம் விஷயம் இருக்கும். உன் உடம்பு மறந்துபோகும்.

சகோதரி, உங்களைப் போன்றவர்கள் பெண்களைக் கெடுக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லையாம்! வீட்டுக்கு வீடு சர்க்கரை, பிரஷர். குண்டாக இருப்பதை ‘ஏற்றுக்கொள்’ என்பது சோம்பேறித்தனத்துக்குப் பூ வைப்பது. நாலு பேர் நாலு வார்த்தை சொன்னால்தான் குறைப்பார்கள்.
– அரசு ஊழியர், நாகர்கோவில்

சார், உங்கள் கடிதத்தில் பாதி சரி. முதலில் அந்தப் பாதி. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் எடை கூடியவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் 24 பேர்தான். எனக்கே 46 வயதில் சர்க்கரை வந்தது. ஆகவே எடைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த நவீனப் பேச்சு சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலை மூன்று இட்லியை இரண்டாக்கியதும், ராத்திரிச் சம்பா அரிசிச் சோற்றைக் குறைத்ததும், புத்தன்சந்தையில் இருக்கும் என் அக்காள் வீட்டு ஏத்தங்காய் சிப்ஸ் டின்னைக் கண்ணால் மட்டும் பார்ப்பதும் எனக்கு உதவியது.

அப்புறம், ஒரு சின்னக் கணக்கு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் 100-க்கு 37 பேர் எடை கூடியவர்கள். மூன்று பேர்தான் வித்தியாசம். நாலு பேர் நாலு வார்த்தை அவர்களுக்கும் சொல்கிறார்களா? கல்யாண வீட்டில் எந்த மாமனிடமும் “என்ன மாமா, வண்ணம் வெச்சிட்டீங்க” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. “நல்லா இருக்கீங்க” என்பார்கள்.

நீங்கள் அளவு பேசுவதால் நானும் அளவு பேசுகிறேன், அது என் தொழில். உயரத்தையும் எடையையும் வைத்து டாக்டர்கள் ஒரு எண் போடுவார்கள், பிஎம்ஐ என்று. அதற்கு அடிப்படையான கணக்கை 1830-களில் போட்டவர் டாக்டரே இல்லை, கெத்தலே என்ற பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நோய் பார்க்கவில்லை. பிஎம்ஐ என்ற பெயரே 1972-இல்தான் வந்தது. இந்த எண்ணில் உலகப் பொது வரம்பு 25, அதைத் தாண்டினால் எடை அதிகம். நம் நாட்டவருக்கு 23 என்று வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அதே எடையிலும் நமக்கு வயிற்றில் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சர்க்கரை சீக்கிரம் வருகிறது. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு நம் வரம்பு சுமார் 53 கிலோ. உலக வரம்பில் 58. அதாவது 56 கிலோ இருக்கிறவள் ஒரு பட்டியலில் குண்டு, இன்னொன்றில் சாதாரணம். உடம்பு அதேதான். எண் ஒரு குறிப்பு, தீர்ப்பு இல்லை.

எனக்கு அதைவிட நம்பிக்கை டேப்பில். கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், இறுக்காமல் சுற்ற வேண்டும். (ப்ளவுஸுக்கு நாங்கள் எடுக்கும் அடிச்சுற்று இது இல்லை. அது மார்புக்குக் கீழே. இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.) பெண்ணுக்கு 80 செ.மீ., அதாவது 31½ இஞ்சு தாண்டினால் ஒரு தடவை ரத்தம் பார்ப்பது நல்லது. ஆணுக்கு 90 செ.மீ. சார், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு உங்களுடையதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இனி நான் ஒத்துக்கொள்ளாத பாதி. சர்க்கரை தெரிந்த வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடை பார்க்கும் மெஷின் வராந்தா நடுவில். ஏறி நின்றதும் அந்தப் பிள்ளை அடுத்த அறையில் எழுதுகிறவளுக்குக் கேட்கும்படி, “எழுபத்தெட்டூ!” என்று கூவினாள். பெஞ்சில் என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர். அப்புறம் எட்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே வாங்கினேன். அந்த எட்டு மாதத்தில் என் சர்க்கரை குறையவில்லை, ஏறியது. காலையில் நடக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், டீக்கடையில் பையன்கள் ‘ரோடு ரோலர்’ என்றதும் நடையை நிறுத்தினாள். அந்த நாலு வார்த்தையால் அவள் இன்னும் 6 கிலோ கூடினாள். டேப்பிலும் சுற்றளவு கூடியதைப் பார்த்தவள் நான்தான்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை. மற்றவர்கள் “மார்பு 40, இடுப்பு 36” என்று சொல்லச் சொல்ல உதவியாள் எழுதுவாள். நான் எடுப்பேன், திரும்புவேன், நோட்டில் நானே எழுதுவேன். இதனால் ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் கூடப் போகிறது. எழுதினபின் அந்தப் பெண்ணுக்கு வேண்டுமென்றால் காட்டுவேன். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை சார், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவளுக்கு மட்டும் சொல்லச் சொல்கிறேன்.

எல்லாரும் குண்டானவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 41 கிலோ. “ஈர்க்குச்சி”, “காத்தடிச்சாப் பறந்துருவா”, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சோறு போடலியா” என்பதெல்லாம் கேலி இல்லையா?
– இல்லத்தரசி, குளச்சல்

கேலிதான். ஒல்லியானவளிடம் சொன்னால் அது பாராட்டு என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா, அல்லது சமீபத்தில் மெலிந்தீர்களா? சமீபம் என்றால் தைராய்டும் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சின்ன வயதிலிருந்தே என்றால் சத்துமாவு டப்பாவோடு வரும் நாத்தனாருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள். உங்களுக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது என்று காலர் வைத்துத் தைக்கச் சொல்லியிருப்பார்களே? வேண்டாம். படகுக் கழுத்து நன்றாக இருக்கும்.

எங்கள் பூட்டிகள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடி வாங்கினார்கள், வீடு எரிந்தது. இன்று அதே மாவட்டத்துப் பெண்கள் கையில்லாத சட்டையும் முதுகு திறந்த ப்ளவுஸுமாக ‘என் உடம்பு, என் உரிமை’ என்கிறார்கள். அதைத் தைத்துக் கொடுப்பதும் உங்களைப் போன்றவர்கள். இதற்குத்தானா அந்தப் போராட்டம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, இரணியல் பக்கம்

டீச்சர், இதற்கு ஒரு வாரம் யோசித்தேன். முதுகு திறந்த ப்ளவுஸ் தைத்தேன் என்பது உண்மை. அதற்குக் கூலியும் கூட வாங்கினேன்.

தோள்சீலைக் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவிதாங்கூர் ஆட்சியில், கல்குளம், இரணியல் பக்கமெல்லாம், நாடார் பெண்களும் அவர்களைப் போல் ஒடுக்கப்பட்ட மற்றப் பெண்களும் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. 1814-இல், திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்றார். குப்பாயம் என்பது தொளதொளவென்று தைத்த சட்டை. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் துணியைக் கிழித்தார்கள். 1829-இல் அரசு ஆணையே அவர்களுக்கு எதிராக வந்தது. கடைசியில் 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு கொக்கி: எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், மேல்சாதிப் பெண்களின் பாணியில் மட்டும் கூடாது.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் தையல்காரியாகப் பார்க்கிறேன். அனுமதி கிடைத்த பிறகும் முந்தானை எந்தத் தோளில் எப்படி விழ வேண்டும் என்பதை அரண்மனை வைத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் துணி எங்கே முடிய வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் உத்தரவு போட்டார். பூட்டி சண்டை போட்டது துணிக்காக மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. உத்தரவு போடுகிறவனோடு என்றால் கொள்ளுப்பேத்தி செய்வதும் அதன் பாக்கிதான்.

ஆனால் டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்குக் குத்தியது ஒன்று உண்டு. முதுகு திறந்து தைக்கச் சொல்லி வருகிற பெண்களில் எத்தனை பேர் தாங்களாகவே வருகிறார்கள்? போனில் ஒரு படத்தைக் காட்டி, “இது மாதிரி” என்கிறார்கள். படத்தில் இருப்பவளின் முதுகு மாதிரி இல்லையே என்று அப்புறம் அழுகிறார்கள். சென்ற மாசி மாதம் ஒருத்தி முதுகின் கறுப்பு போக என்னென்னவோ பூசிப் புண்ணாகி வந்தாள். அப்போது உத்தரவு அரண்மனையிலிருந்து வந்தது. இப்போது போனிலிருந்து வருகிறதோ என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. ஆகவே இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: “இதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் சாய்ந்து உட்கார உனக்கு இஷ்டமா?” ஆமாம் என்றால் வெட்டுவேன். யோசித்தால் நாளை வரச் சொல்வேன். பாதிப் பேர் நாளை வந்து இரண்டு இஞ்சு ஏற்றச் சொல்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் அப்படியே தைக்கச் சொல்கிறார்கள், அவர்களுக்கு நான் மறுபேச்சு பேசுவதில்லை.

என் மகளுக்கு 15 வயது. இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாடு இல்லை. நான் கட்டாயப்படுத்தினால் சாப்பிட்டுவிட்டு உடனே குளிமுறிக்குப் போகிறாள், தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். ஒரு நாள் வாந்திச் சத்தம் கேட்டது. கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். வீட்டில் சொன்னால், “வயசுக் கோளாறு, சரியாகும்” என்கிறார்கள்.
– அம்மா, குலசேகரம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள், அம்மா. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது ஒரு நோய். ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து இதயத்தைப் பாதிக்கும், பல்லை அரிக்கும், மாதவிலக்கு நிற்கும். உடம்பு டாக்டரோடு மனநல டாக்டரும் வேண்டும். ராத்திரி எந்நேரமும் 14416-ஐக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், தமிழில் பேசுவார்கள்.

வயசுக் கோளாறு என்று சொன்னவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பிஜித் தீவு என்று ஒன்று இருக்கிறது. நம்மைப் போலவே மீனும் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிடுகிற ஊர். சதைப்பிடிப்பாக இருப்பதுதான் அங்கே அழகு, மெலிந்தால் வீட்டில் கவனிக்கவில்லையோ என்று கவலைப்படுவார்கள். ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே ஒரு பகுதிக்கு 1995-இல் டெலிவிஷன் வந்த சமயத்தில் பள்ளி மாணவிகளைக் கேட்டார். மெலிவதற்காக வாந்தி எடுக்கிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து, 1998-இல், 100-க்கு 11 பேர் சொன்னார்கள். வெறும் மூன்று வருடம், அதுவும் டெலிவிஷன் மட்டும். உங்கள் மகள் கையில் இருப்பது போன்.

போனைப் பிடுங்காதீர்கள், சண்டையில் முடியும். குளிமுறிக் கதவுக்கு வெளியே நின்று உளவு பார்க்காதீர்கள். “உனக்கு முடியல்லைன்னு எனக்குத் தெரியும் மக்களே, நாம ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் யாரும், நீங்கள் உட்பட, யார் உடம்பைப் பற்றியும் சாப்பாட்டு வேளையில் பேச வேண்டாம். ‘நான் ரொம்பக் குண்டாயிட்டேன்’ என்று நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்வதும் இதில் சேரும். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். இதழில் போட மாட்டேன்.

ஆவணியில் கல்யாணம். அதற்குள் 5 கிலோ குறைத்துவிடுவேன். முகூர்த்த ப்ளவுஸை இரண்டு இஞ்சு குறைத்துத் தைக்கச் சொன்னால் எங்கள் தையல்காரர் மறுக்கிறார். சரியா?
– கல்யாணப் பெண், அருமனை

அவர் காலைத் தொட்டுக் கும்பிடு. நான் மறுக்காமல் தைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், உன்னைப் போல் ஒருத்தி, இரண்டு இஞ்சு. பணம் கிடைக்கும் வேலை, நானும் வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். உள்ளே துணியும் அதிகம் விடவில்லை. ஒன்றரை மாதம் ஓட்ஸ் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தாள் பாவம். குறைந்தது, கன்னத்தில். முகூர்த்தத்தன்று காலை நாலரைக்கு அவள் அண்ணன் வந்து என் கதவைத் தட்டினான். போனேன். பட்டு கைக்குழியில் கிழிந்திருந்தது. ஊக்கு மாட்டவில்லை. அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்து, “நான் இன்னும் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. தப்பாக வெட்டியவள் நான், அழுதது அவள். புடவைத் தலைப்பின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து அக்குளில் கொடுத்து ஒட்டுப்போட்டேன். போட்டோவில் கையைத் தூக்காமலே நிற்கிறாள்.

இன்றைய உடம்புக்குத் தைக்கச் சொல். உள்ளே பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சு துணி விடச் சொல். மெலிந்தால் பிடித்துக்கொள்ளலாம், பிள்ளை பெற்றபின் பிரித்துக்கொள்ளலாம். பட்டு ப்ளவுஸ் இருபது வருடம் வரும்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுக்கு ப்ளவுஸ் யார் தைக்கிறார்கள்? உங்கள் அளவு என்ன அக்கா?
– ‘சும்மா ஒரு சந்தேகம்’, திருவட்டார்

சும்மா இல்லை, விவரமான சந்தேகம். நானே தைத்துக்கொள்கிறேன். அளவு? 1998-இல் தைத்த ஒரு பச்சை ப்ளவுஸ். அதை வைத்து வெட்டி, வருடத்துக்கு வருடம் கண் மதிப்பில் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தேன். அளவு ப்ளவுஸ் வேண்டாம் என்று உங்களுக்கு எழுதிய அதே கைதான்.

அந்த இதழ் வந்த அன்று கடையில் வேலை செய்யும் பிள்ளை அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். “கையைத் தூக்குங்க அக்கா.” மதியம் இரண்டு மணி, வெளியே மழை, கடையில் வேறு ஆள் இல்லை. 31 வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நான் நின்றேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவள், “விடுங்க அக்கா” என்றாள். விட்டேன். சுற்றினாள், திரும்பினாள், ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதினாள். வேண்டுமா என்று நோட்டை நீட்டினாள். பார்த்தேன்.

உங்களுக்குச் சொல்ல மாட்டேன். புது ப்ளவுஸ் இரண்டு தைத்தாயிற்று. அக்குளில் இறுக்கிப் பிடிக்கவில்லை.